கோல்ஃப் ஆடும் நண்பரின் கல்யாணத்துக்குப் பணம் சேர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஆளுக்கு இவ்வளவு என்று பேசி, ஜிபேயில் பணமும் வந்து சேர்ந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு இன்னும் சில வாரங்கள்தான். மாப்பிள்ளைக்கு கோல்ஃப் என்றால் உயிர் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், பரிசும் கோல்ஃப் சம்பந்தப்பட்டதாகவே இருக்கட்டும் என்று முடிவாகியிருக்கும். மணப்பெண்தான் கோல்ஃப் ஆடுகிறவர் என்றாலும் இந்த மடலில் ஒரு வரியும் மாறாது. பெங்களூரில் பிறந்த அதிதி அசோக், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். நாடே விடியற்காலையில் எழுந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தது. இது ஆண்களின் ஆட்டம் என்ற பேச்சு அன்றோடு முடிந்திருக்க வேண்டும்.

முடிவெடுத்த கையோடு பெரும்பாலான நட்பு வட்டங்கள் செய்வது, கடைக்குப் போய் ஒரு மட்டை வாங்குவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஒரு ரவுண்டுக்குப் பையில் 14 மட்டைகளுக்கு மேல் வைத்துக்கொள்ள விதி அனுமதிப்பதில்லை. ஆழ்ந்து ஆடுகிற ஒருவரின் பையில் அந்த 14 இடங்களும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். ஒவ்வொன்றும் யோசித்து, அடித்துப் பார்த்து, சில சமயம் இரவல் வாங்கி ஆடிய பிறகு தேர்ந்தெடுத்தவை. மட்டையின் நீளம், தண்டு எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பது, தரையில் அது படியும் கோணம், கைப்பிடியின் பருமன் எல்லாம் ஆடுகிறவரின் உயரத்துக்கும் வீச்சுக்கும் ஏற்ப அமைய வேண்டும். இந்தியாவின் திக்‌ஷா டாகரைப் போல உங்கள் நண்பரும் இடக்கை ஆட்டக்காரராக இருந்துவிட்டால், வலக்கைக்காரருக்கான மட்டை அவருக்கு எதற்கும் ஆகாது. கையுறையிலும் இதே சிக்கல் உண்டு. வலக்கையால் ஆடுகிறவர் இடக்கையில்தான் போடுவார், இடக்கைக்காரர் வலக்கையில். தூரமாக அடிக்கும் டிரைவர் மட்டை ஒன்றை நல்லதாக வாங்க நீங்கள் கொட்டும் பணம் மொத்தமும், மேடையில் ஒரு புன்னகையை வாங்கிக்கொண்டு பரணுக்குப் போய்விடும்.

மணமக்கள் பெயரும் தேதியும் அச்சிட்ட பந்துகளும் அப்படித்தான். பந்து என்பது அடித்துத் தொலைப்பதற்கான பொருள். பெயர் போட்ட பந்தைக் குளத்துக்குள் அடிக்க யாருக்கும் மனம் வராது. அது அலமாரியில் கிடக்கும்.

கல்யாணப் பரிசு இரண்டு பேருக்கானது. கடை வாசலில் பெரும்பாலும் மறந்துபோவது இதுதான். பதினெட்டு குழிகளை ஆடி முடிக்க நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. போய் வரும் நேரம் தனி. ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர், வெயில் ஏறிய பிறகுதான் வீடு திரும்புவார். புதிதாக வீட்டுக்கு வந்திருக்கும் ஒருவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எப்படிக் கழியும்? கோல்ஃப் பிரியருக்கு நீங்கள் தரக்கூடிய மிக நல்ல பரிசு, அந்தக் காலை நேரத்துக்குள் அவருடைய துணைக்கும் ஓர் இடம் போட்டுக் கொடுப்பதுதான்.

அதற்கு நேரான வழி, துணைக்குச் சில வாரப் பயிற்சிக்குப் பணம் கட்டுவது. ஆனால் முதலில் அவரிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள். விருப்பம் இல்லாதவரை மைதானத்துக்கு இழுத்து நிறுத்தினால் பரிசு தண்டனையாகிவிடும். ஆர்வம் இருக்கிறது என்றால், நண்பர் வழக்கமாகப் போகும் கிளப்பின் கோச்சையே பிடியுங்கள். கணவன் மனைவிக்கும் மனைவி கணவனுக்கும் கோல்ஃப் சொல்லிக்கொடுப்பது வீட்டு அமைதிக்கு நல்லதல்ல. வெளியாள் ஒருவர் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்.

நல்ல கோச் ஒருவரின் சொல் எவ்வளவு தூரம் கூட வரும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சஸில் ஒரு கதை இருக்கிறது. ஆஸ்டின் நகரில் ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கும் கேடியாகத் தொடங்கி ஆசிரியராக உயர்ந்தவர் ஹார்வி பெனிக். பாடங்களைப் பல பத்தாண்டுகளாக ஒரு சிவப்பு நோட்டில் குறித்து வைத்திருந்தார். முதுமையில்தான் அதை வெளியிடச் சம்மதித்தார். 1992-இல் ‘லிட்டில் ரெட் புக்’ என்ற பெயரில் வந்து, விளையாட்டுப் புத்தகங்களிலேயே மிக அதிகம் விற்றவற்றுள் ஒன்றானது. சிறுவனாக அவரிடம் வந்து சேர்ந்த பென் கிரென்ஷாவுக்கு, படுத்த படுக்கையாக இருந்தபோதும் பெனிக் பாடம் எடுத்தார். ஒரு மட்டையை எடுத்து வரச் சொல்லி, அறைக்குள்ளேயே வீசிக் காட்டச் சொல்லிப் பார்த்தார். 1995 ஏப்ரல் 2 அன்று ஆசிரியர் இறந்தார். புதன்கிழமை அவருடைய சவப்பெட்டியைத் தோள் கொடுத்துச் சுமந்துவிட்டு, மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டாவுக்குத் திரும்பிய கிரென்ஷா, அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டத்தை வென்றார். அப்போது அவருக்கு 43 வயது. கடைசி பந்து குழிக்குள் விழுந்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்து அவர் அழுத காட்சியை கோல்ஃப் பார்ப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பயிற்சி வகுப்புகளோடு பெனிக்கின் அந்தப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள். சிறுசிறு குறிப்புகளாக எழுதியது. ஆடத் தெரியாதவருக்கும் பிடிக்கும்.

ஒருவர் பத்து வருடமாக ஆடுகிறார், இன்னொருவர் நேற்றுதான் மட்டையைத் தொட்டார். இருவரும் சேர்ந்து எப்படி ஆடுவது என்று கேட்பீர்கள். வேறெந்த ஆட்டத்திலும் இது கஷ்டம், கோல்ஃபில் இல்லை. 2020-இல் உலகம் முழுக்க ஒரே ஹேண்டிகேப் முறை வந்தது. ஆணோ பெண்ணோ, புதியவருக்கு 54 அடி வரை அது சலுகை கொடுக்கிறது. ஆக, 110 அடியில் முடிக்கும் மனைவி 85-இல் முடிக்கும் கணவரை நியாயமாகவே தோற்கடிக்கலாம். ஃபோர்சம்ஸ் என்று ஓர் ஆட்டமும் உண்டு. இருவருக்கும் ஒரே பந்து. ஒருவர் அடித்தால் அடுத்தவர் அங்கே போய் அடிக்க வேண்டும். ஒற்றைப்படைக் குழிகளை ஒருவர் தொடங்கினால் இரட்டைப்படைக் குழிகளை மற்றவர் தொடங்குவார். அவர் மரத்தடியில் கொண்டுபோய் விட்ட பந்தை இவர்தான் வெளியே எடுத்தாக வேண்டும். புது மணத்தம்பதிக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் எது? 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஆடும் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக வருகிறது.

சேர்ந்த தொகை கொஞ்சம் பெரிதாக இருந்தால், மலைக்கு அனுப்பி வையுங்கள். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது. மூடுபனி விலகும்போது புல்வெளியில் காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருக்கும்; அவை நகரும் வரை ஆட்டக்காரர்கள் காத்திருப்பார்கள். ஊட்டியில் ஜிம்கானா கிளப்பின் மைதானம் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் இருக்கிறது. காற்று மெலிந்த உயரம் என்பதால் பந்து சமவெளியில் பறப்பதைவிடக் கூடுதல் தூரம் பறக்கும். ஆடாதவர் கூட நடந்து வந்தாலே போதும், அந்த நடை ஒன்றே தேனிலவுக்குப் போதுமானது. கடல் தாண்டி இலங்கை போகத் தயார் என்றால் 1889-இல் தொடங்கிய நுவரெலியா கோல்ஃப் கிளப் இருக்கிறது. ஊரின் நடுவே, தேயிலை மலைகள் சூழ விரிந்த மைதானம். இறங்கி வரும் வழியில் ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பையும் பார்த்துவிடலாம். களனிவெளி ரயில் பாதை அந்த மைதானத்துக்குள்ளேயே ஓடுகிறது. எங்கே அனுப்பினாலும், வெளியாட்களை எந்த நாளில் ஆட விடுகிறார்கள், ஹேண்டிகேப் அட்டை கேட்பார்களா என்று கிளப்புக்கு முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். காலர் இல்லாத சட்டையோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடும் இடங்கள் உண்டு.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கே அனுப்பக்கூடிய வசதி சில வட்டங்களுக்கு இருக்கும். அங்கே பழைய மைதானத்தில் ஆட, குலுக்கலில் பெயர் விழ வேண்டும்; விழாமலும் போகலாம் என்று மணமக்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர் மக்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கும் பூங்காவாகிவிடும். கோல்ஃப் தெரியாத துணையும் அன்று அங்குள்ள பழம்பெரும் கல் பாலத்தில் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே மேடும் பள்ளமுமாக ஒரு பட்டிங் தரை. அதன் பெயர் ‘ஹிமாலயாஸ்’. 1867-இல் பெண்கள் தொடங்கிய பட்டிங் கிளப்பின் இடம் அது. சிறு கட்டணம் கட்டினால் பொதுமக்களும் ஆடலாம். முன்பின் மட்டையைத் தொடாதவர்கூட ஒரு மாலைப்பொழுதைச் சிரித்துக் கழிக்கலாம்.

அவ்வளவு தொகை சேரவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். கோல்ஃப் உலகில் மிகப் பிரபலமான பரிசுகளில் ஒன்று வெறும் துணியுறைதான். டைகர் வுட்ஸின் டிரைவர் மீது எப்போதும் ஒரு புலித்தலை உறை இருக்கும். ‘ஃபிராங்க்’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். தாய்லாந்துக்காரரான அவருடைய அம்மா குல்திடா மகனுக்காகச் செய்து கொடுத்தது அது. அம்மாவின் அன்பு என்று தாய் மொழி எழுத்தில் அதில் தைத்திருந்தார். எந்த நிறுவனத்தின் மட்டைக்கு டைகர் மாறினாலும் அந்த உறை மாறவில்லை.

நம்மூர்க்காரர்களுக்கு இதில் ஓர் அருமையான வாய்ப்பு உண்டு. நீலகிரியில் தோடர் பெண்கள் போடும் பூவேலை. முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூல். துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை. நெசவின் இழைகளைக் கண்ணாலும் விரலாலும் எண்ணியே ஊசியை இறக்குகிறார்கள். ஒரு இழை தவறினால் கோலமே கோணிவிடும். நூல் மேடாகப் புடைத்து நிற்கும் பக்கத்தைத்தான் அவர்கள் நல்ல பக்கமாகக் கொள்கிறார்கள். பார்த்தால் நெய்ததா தைத்ததா என்று கண்ணுக்குத் தெரியாது. 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. டிரைவருக்கு ஒன்று, ஃபேர்வே மட்டைகளுக்கு இரண்டு என மூன்று ஹெட்கவர்கள் சேர்ந்த ஒரு செட்டை இந்த வேலைப்பாட்டில் செய்யச் சொன்னால், உலகில் எந்த ப்ரோ ஷாப்பிலும் கிடைக்காத ஒன்று உங்கள் நண்பரின் பையில் இருக்கும்.

அதற்குச் சில காரியங்கள் செய்ய வேண்டும். நண்பரின் பழைய ஹெட்கவர் ஒன்றை அவருக்குத் தெரியாமல் எடுத்து அளவுக்குக் கொடுங்கள். டிரைவரின் தலை 460 கன சென்டிமீட்டர் வரை இருக்கலாம் என்பதால் கண்மதிப்பில் தைத்தால் நுழையாது. மழையும் சேறும் படும் பொருள், உள்ளே கனமான லைனிங் வேண்டும். தோடர்கள் தோளில் போர்த்தும் பூத்துக்குளியை வாங்கி வெட்டாதீர்கள். பிறப்பிலிருந்து இறப்பு வரை அவர்களுடைய சடங்குகளோடு சேர்ந்த ஆடை அது. உறைக்கென்றே தனியாகத் துணியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். அவர்கள் சொல்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கை வேலைக்கு நாள் பிடிக்கும். முகூர்த்தத்துக்குள் முடியாவிட்டால் என்ன வருகிறது என்று ஒரு அட்டையில் எழுதி மேடையில் கொடுத்துவிட்டு, முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இதைவிடச் சின்னதாகவும் ஒன்று உண்டு. மொய்க் கவரில் ஒட்டி வரும் ஒற்றை ரூபாய் நாணயம். குழியைச் சுற்றியுள்ள கிரீன் புல்தரை மீது பந்து நின்றதும், அதன் பின்னால் ஒரு நாணயத்தை வைத்து அடையாளம் செய்துவிட்டுப் பந்தை எடுத்துத் துடைத்து, அதே இடத்தில் வைத்த பிறகு நாணயத்தை எடுப்பார்கள். பால் மார்க்கர் என்பது இதுதான். அகலம் 2 அங்குலத்துக்கும் உயரம் 1 அங்குலத்துக்கும் மேல் போகக் கூடாது என்பது விதி. 1992 முதல் 2004 வரை அச்சடித்த துருப்பிடிக்காத எஃகு ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் 25 மில்லிமீட்டர். இப்போதைய நாணயத்தைவிடப் பெரிது, தரையில் பளிச்சென்று தெரியும், தட்டையாகப் படியும். இன்று மணமேடை ஏறும் தலைமுறையில் பெரும்பாலோர் பிறந்தது அந்த ஆண்டுகளில்தான். மாப்பிள்ளை பிறந்த ஆண்டு நாணயம் ஒன்று, பெண் பிறந்த ஆண்டு நாணயம் ஒன்று. பழைய நாணயம் விற்பவர்களிடம் சொற்ப விலைக்குக் கிடைக்கும். நாணயத்தில் துளை போடுவதோ பெயர் பொறிப்பதோ வேண்டாம். பெயர்களை அதை வைக்கும் சிறு மரப்பெட்டியில் பொறித்துக்கொள்ளுங்கள். ஜாக் நிக்லாஸ், மேஜர் எனப்படும் கோல்ஃபின் முதன்மைப் போட்டிகளில் 18 பட்டங்கள் வென்றவர். எப்போதும் பையில் மூன்று காசு வைத்திருப்பார். ஒன்று தொலைந்து, இன்னொன்றைக் கூட ஆடுகிறவருக்குக் கொடுத்தாலும் ஒன்று மிஞ்சும் என்பது அவர் கணக்கு. ஆகவே கல்யாணம் நடக்கும் ஆண்டு நாணயத்தையும் மூன்றாவதாகச் சேர்த்துவிடுங்கள்.

மட்டைதான் கொடுக்க வேண்டும் என்று யாராவது பிடிவாதமாக நின்றால், புதியது வேண்டாம், பழையதைத் தேடுங்கள். ஸ்பெயினின் பெட்ரெனா கிராமத்துச் சிறுவன் செவ்வே பாலெஸ்டெரோஸுக்கு அண்ணன் மானுவல் கொடுத்தது ஒரே ஒரு பழைய மூன்றாம் எண் இரும்பு மட்டை. கடற்கரை மணலில் அதை வைத்தே உயர அடிக்க, தாழ அடிக்க, வளைத்து அடிக்க, குழிக்குள் தள்ள எல்லாம் பழகினான். பிற்காலத்தில் ஐந்து மேஜர் பட்டங்களை வென்றது அந்தக் கைதான். மேலே சொன்ன கிரென்ஷாவுக்கும், பதின்வயதில் அப்பா பெனிக்கின் கடையில் 20 டாலருக்கு வாங்கித் தந்த பட்டர் மட்டை ஒன்று இருந்தது. ‘லிட்டில் பென்’ என்று அதைக் கொண்டாடினார். 1984 மாஸ்டர்ஸை வென்றது அதை வைத்துத்தான். உங்கள் நண்பர் முதன்முதலில் பிடித்த மட்டை அவருடைய அப்பா வீட்டிலோ மாமா வீட்டிலோ எங்கோ கிடக்கும். பெரியவரிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டால் மகிழ்ந்து எடுத்துக் கொடுப்பார். துருவை நீக்கி, புதுக் கைப்பிடி போட்டுக் கொடுங்கள். செலவு மிகக் குறைவு.

சென்னையில் ஆடி வளர்ந்தவர் என்றால் அவருடைய மைதானத்தை ஓர் ஓவியரைக் கொண்டு வரைந்து சட்டம் போட்டுக் கொடுக்கலாம். நந்தனத்தில் காஸ்மோபாலிடன் கிளப்பின் மைதானம் இருக்கிறது. கிண்டியில் குதிரைப் பந்தயத் தடத்துக்குள்ளே ஜிம்கானா கிளப்பினர் தலைமுறைகளாக ஆடிய மைதானமும் இருந்தது. பந்தய கிளப்பின் குத்தகையை 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்து 160 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொண்டது. அங்கே அமைக்கத் திட்டமிட்ட பொதுப் பூங்காவும் நீர்நிலையும் நகரத்துக்குத் தேவைதான். ஆனால் அங்கே முதல் பந்தை அடித்தவருக்கு அந்த ஓவியத்தின் மதிப்பு தனி.

இன்னொன்று, பரிசு அல்ல. நண்பரின் கேடிக்குப் பத்திரிகை வைத்தாயிற்றா என்று கேளுங்கள். வாரந்தோறும் 15 கிலோ பையைச் சுமந்து, எந்தச் சரிவில் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லி, கோபத்தில் மட்டையைத் தரையில் அடித்தவரைச் சமாதானப்படுத்தியவர் அவர். இந்தியன் ஓப்பனை 1991-இல் வென்ற அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். அந்தப் பட்டத்தை எடுத்த முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர். இந்த நாட்டில் கோல்ஃப் யார் தோளில் நடக்கிறது என்பது இங்கே ஆடும் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கல்யாணப் பட்டியலில் அந்தப் பெயர் விட்டுப்போகிறது. சேர்த்த பணத்தில் ஒரு பங்கை எடுத்து, மணமக்கள் பெயரில் அவருடைய பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக் கொடுத்தாலும் நல்லதுதான். மணமக்களிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வரவேற்பு மேடையில் நீளமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்காதீர்கள். அட்டையை மட்டும் கொடுத்துவிட்டு, பரிசை மறுவீடு எல்லாம் முடிந்த அடுத்த வாரம் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். மலைப் பயணம் என்றால் அட்டையில் கடைசித் தேதி ஏதும் போட வேண்டாம். தென்மேற்குப் பருவமும் ஐப்பசி மழையும் தாண்டி, தை மாதத்தில் போகச் சொல்லுங்கள். ஏப்ரல், மே சீசனில் அறையும் கிடைக்காது, மைதானமும் கிடைக்காது. பயிற்சி வகுப்பு என்றால் முதல் வகுப்புக்கான நாளை நீங்களே கோச்சிடம் பேசிக் குறித்துக்கொண்டு, அன்று காலையில் உங்களில் ஒருவர் பிளாஸ்க்கில் காபியோடு அங்கே போய் நில்லுங்கள்.